இரண்டாம் தரம் கேட்காத இடம்

என் மனுசன் வேலைக்கு நின்ற வீட்டில் சன்னல் துடைக்கையில் விழுந்தவர். அதற்குப் பிறகு இடுப்புக்குக் கீழே ஒன்றும் அவர் சொல்வழி கேட்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் இத்தாலியின் தெற்கே, பலெர்மோவின் போர்கோ வெக்கியோப் பகுதியில் நாலாம் மாடியில் இருந்தோம், லிஃப்ட் கிடையாது. கீழ்த்தட்டில் வீடு கேட்டு அலைந்ததில் என் செருப்புத்தான் தேய்ந்தது. மலசலகூட வாசல் என்னையே ஒருக்களித்துத்தான் உள்ளே விடும், சக்கர நாற்காலியை எங்கே விடப்போகிறது? கட்டிலுக்குப் பக்கத்தில் வாளி வைத்திருந்தோம். நான் வேலையால் வரும்வரை அந்த மனுசன் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கமாட்டார். இதை விதி என்று சொல்லி ஆறுதல் படுத்த வருகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பொலிதேயாமாப் பக்கம் நான் வேலை செய்த வீட்டுக்கார அம்மா, நாங்கள் சிஞ்ஞோரா என்று கூப்பிடுகிறவள்தான் அந்த இடத்தைப் பற்றிச் சொன்னாள். மலைப்பக்கம் அவளுடைய சிநேகிதி ஒருத்தி தன் திராட்சைத் தோட்டத்திலேயே சின்ன வடிசாலை வைத்திருக்கிறாளாம். இருந்த இடத்தில் இருந்துகொண்டு போத்தல்களுக்கு லேபிள் ஒட்ட ஆள் தேவை, தங்குவதற்குக் கீழே ஓர் அறையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவோம் என்றாள்.

"சாராயம் வடிக்கிற இடத்துக்கோ என்னைக் கொண்டுபோறீர்?" என்று இவர் நக்கலடித்தார். ஊரில் கள்ளுத் தவறணைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர். ஆனால் ஞாயிறு விடிய எழும்பிச் சவரம் செய்துகொண்டு இருந்தார். இரண்டாம் மாடியில் இருந்த எங்கட தமிழ் ஆட்கள் இரண்டு பேர் அரிசி மூட்டை இறக்குவதுபோல அவரைக் கீழே இறக்கினார்கள். அந்த நேரம் அவர் எப்போதும் கண்ணை மூடிக்கொள்வார்.

தோட்டக்காரி இத்தாலியின் வடக்கிலிருந்து வந்தவள், விதவை. அவளுடைய புருஷன் கடைசிக் காலத்தில் சக்கர நாற்காலியில் இருந்தவராம். அவருக்காகவே எல்லாம் கட்டியிருந்தார்கள். வாசலில் படி இல்லை, சீமெந்துச் சரிவு. கதவுகள் எல்லாம் அகலம். மேசைக்குக் கீழே நாற்காலி அப்படியே நுழையும். பிழிந்த திராட்சைக் கோதைச் செப்புக் கொதிகலத்தில் போட்டு ஆவி பிடித்து வடிக்கிறார்கள். புளித்த மணம் மூக்கில் ஏறியது. இவர் தானே சில்லை உருட்டி அறைக்கு அறை போனார். பின்னால் போன எனக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பிறகு மலசலகூடம் எங்கே என்று கேட்டார். பழக்கத்தில் நானும் எழும்பினேன்.

"நீர் இரும்" என்றார்.

கதவு சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. சுவரில் இருந்த கைபிடிக் கம்பியைப் பிடித்து நாற்காலியிலிருந்து மாறி இருந்திருப்பார். நான் வெளியே நின்று அழுதேன். சந்தோஷத்தில் இல்லை. ஓர் அகலமான கதவும் ஒரு கம்பியும் போதும் என்றால், நாங்கள் இவ்வளவு காலமும் பட்டது எதற்கு? அந்தக் கேள்வி என்னைக் கொன்றது. இவர் வெளியே வந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். இன்னொரு கிளாஸும் கேட்டார்.

வடித்த சாராயத்தைச் சின்னக் கிளாஸில் நீட்டினார்கள். இவர் வேண்டாம் என்றார். எங்கட சிஞ்ஞோரா பலெர்மோக்காரி, விடுவாளா? கையைப் பிடித்துத் திணித்தாள், இவரும் நாக்கை நனைத்தார். எங்கட ஆட்களும் அப்படித்தானே. தேத்தண்ணி குடிக்கிறீங்களோ என்றால் வேண்டாம், இப்பத்தான் குடிச்சிட்டு வாறம் என்போம். வீட்டுக்காரர் அதைக் கேளாமல் போட்டுக்கொண்டு வருவார்கள். முதல் கேள்விக்கே ஓம் என்கிறவனைச் சாப்பாட்டுக்கு அலைந்தவன் என்று பிறகு கதைப்பார்கள்.

கடைசியில் தோட்டக்காரி இவருக்கு முன்னால் குனிந்து, இங்கே வந்து வேலை செய்ய விருப்பமா, இருவரும் இந்த அறையில் தங்கலாம் என்று கேட்டாள். இவர் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

"நோ, கிராத்சியே, சிஞ்ஞோரா. உங்களுக்கு ஏன் கரைச்சல்" என்று தனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னார்.

சொல்லிவிட்டு அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். அவள் மரியாதையாக, விளங்குது என்று சொல்லி நிமிர்ந்தாள். நெருப்பைப் பார்க்கவேண்டும் என்று கொதிகலத்தடிக்குப் போய்விட்டாள். நான் பின்னால் ஓடினேன். "அவர் விருப்பத்தோடை வருவார், இன்னொருக்காக் கேளுங்கோ" என்று கெஞ்சினேன். அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். வேண்டாம் என்ற மனிதரை மனைவி சொல்லி வற்புறுத்துவது சரியில்லை என்றாள்.

காரில் சிஞ்ஞோராவைப் பிடித்து உலுக்காத குறைதான். எங்கட வழக்கத்தை எனக்குத் தெரிந்த பாஷையில் விளங்கப்படுத்தினேன். அவள் பலமாகச் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்தி, தான் கதைத்துப் பார்க்கிறேன் என்றாள்.

"அவ திரும்பக் கேப்பா. நல்ல மனுசி. கேக்காமல் விடமாட்டா" என்றார் இவர். அன்றிரவு நாலாம் மாடிக்குத் தூக்கி ஏற்றும்போது கண்ணை மூடவில்லை. அந்தக் கிழமை ஒருநாள், "விருப்பத்தோடை வாறன் எண்டு இவையின்ரை பாஷையில வடிவாச் சொல்லுறது எப்பிடி?" என்று கேட்டார். வொலெந்தியேரி என்று சொல்லிக் கொடுத்தேன்.

பிறகு ஒரு பின்னேரம், நான் நிலம் துடைத்துக்கொண்டு நிற்கையில் சிஞ்ஞோரா வந்து சொன்னாள். அந்த வேலைக்குப் பக்கத்து ஊர்க்காரன் ஒருவனை எடுத்துவிட்டார்களாம். உன் புருஷன்தானே வேண்டாம் என்றார், அவளில் பிழை இல்லை என்றாள். பிழை ஒருவரிலும் இல்லை. அதுதான் என்னை உடைத்தது. திட்டுவதற்குக்கூட எனக்கு ஓர் ஆள் மிஞ்சவில்லை.

படி ஏறி வீட்டு வாசலுக்கு வந்தேன். உள்ளே அவர் தனியக் கதைத்துக்கொண்டு இருந்தார்.

"வொலெந்தியேரி, சிஞ்ஞோரா" என்றார். அது பிடிக்கவில்லைப்போல. செருமிவிட்டு, கொஞ்சம் பணிவாக, இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தார்.