புற்றுச் சுவர்

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒட்டி ஒட்டி நிற்கும் கட்டடங்களுக்கு நடுவே இந்த டீக்கடை. இதன் முன்சுவரைப் பற்றிக் கேள்விப்பட்டு, அதைப் பார்க்கத்தான் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கிறேன். கரையான் புற்று மாதிரி சுவர் முழுக்க ஓட்டைகள். காற்று உள்ளே ஓடி, ஃபேன் இல்லாமலே குளிர வேண்டும். ஆனால் உள்ளே புழுங்கித் தள்ளுகிறது. ஓட்டைகள் மொத்தத்தையும் ஒரு பெரிய பிளெக்ஸ் பேனர் மூடியிருக்கிறது.

"ஏங்க அடைச்சிட்டீங்க?" என் எரிச்சல் எனக்கே கேட்கிறது.

கடைக்கார அம்மா டம்ளரைக் கழுவிக்கொண்டே சொல்கிறார்:

"எங்க வூட்டுக்காரரு ஆசையா கட்டுனதுங்க. சுண்ணாம்புக்கல் லாரி போற ரோடு. காத்தோட தூசியும்ல வருது? அடைச்சிருவோம்னேன், கேக்கல. இழுப்பு வந்து போன வருசம் போயிட்டாரு."

அப்போதுதான் பிளெக்ஸை நிமிர்ந்து பார்க்கிறேன். கண்ணீர் அஞ்சலி. படத்தில் மீசைக்காரர் ஒருவர் கடைக்குள் பார்த்துச் சிரிக்கிறார்.

"அஞ்சலி பேனரைத் தெருவைப் பாத்துல்ல கட்டுவாங்க?" என்கிறேன்.

வெளியே லாரி போகிறது. பிளெக்ஸ் உப்பி அடங்குகிறது.

"தெருவைப் பாத்துக் கட்டுனா, திரும்பவும் அவரு மூஞ்சிலதானே சார் தூசி அடிக்கும்?"