பஸ்ஸில் அழாத குழந்தை

இன்று மதியம் காங்கேயம் போகும் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் ஒரு பெண். மடியில் ஒரு வயதுக் குழந்தை, அத்தனை வெயிலிலும் ஹாரன் சத்தத்திலும் அசையாமல் தூங்கியது.

நான் குழந்தைகள் வார்டில் நர்ஸ். இப்படித் தூங்கும் குழந்தையைக் கண்டால் கை சும்மா இருக்காது. உள்ளங்காலைச் சுண்டினேன். கண் திறக்கவில்லை.

"ஏனுங்க, பாப்பாவுக்கு மருந்து ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"சளி மருந்துதானுங்க்கா. சளியெல்லாம் இல்லீங்க. இதைக் குடுத்தா ஊடு போய்ச் சேர்ற வரைக்கும் அழுகாம தூங்கிக்கும். கிளம்பறப்ப ஒரு மூடி, பஸ் ஏறுனதும் ஒரு மூடி குடுத்துப்போட்டேன்."

மூச்சைக் கவனித்தேன். மெதுவாக, விட்டுவிட்டு வந்தது. இந்த வயதில் இந்த மருந்து மூச்சையே அமுக்கிவிடும் என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன், பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

சூலூரில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு அவளோடு இறங்கப் போனேன். முன் சீட்டுக்காரர் வழிமறித்தார். கையில் போன், கேமரா திறந்திருந்தது.

"ஏனுங்க, அந்தப் பாட்டிலைக் கொஞ்சம் காட்டுங்க. எங்கூட்டுப் பாப்பாவும் பஸ்ஸுல ஒரே அழுகைங்க. ஒரே ஒரு மூடின்னா ஒண்ணும் ஆகாதுங்களே?"

குழந்தை இப்போது ஆஸ்பத்திரியில், ஆக்சிஜனில் இருக்கிறது. நான் வெளியே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

மருந்தின் பெயரைக் கமெண்டில் கேட்காதீர்கள். உங்களில் யாராவது கேட்கத்தான் போகிறீர்கள்.