சூடேறாத எஞ்சினும் குணா அண்ணனும்

குணா அண்ணனின் மனைவி தவமணி அக்கா போன் செய்தபோது நான் ஒரு வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். "கதிரு, அண்ணன் எழும்பல" என்றார். நானும் ஒரு மடையன். "நல்லா எழுப்பிப் பாருங்கக்கா, அசந்து தூங்குவாரு" என்றேன். மறுமுனையில் அக்காவின் அழுகை கேட்டது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. வேனுக்கு அடியிலிருந்து எழுந்து வர எனக்கு வெகுநேரம் பிடித்தது.

ஜெலுத்தோங்கில் எங்கள் பட்டறைக்கு வந்துபோன உங்களில் பலருக்குக் குணா அண்ணனைத் தெரியும். கார் இன்றைக்கே வேண்டும் என்று குதித்தவர்களுக்கு இன்னும் நன்றாகவே தெரியும். பிறையில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டு, வேலையை விட்டதும் என்னோடு கூட்டுச் சேர்ந்தவர். என்னைவிட நாலு வயது மூத்தவர். நான் வாயாலேயே கார் ரிப்பேர் செய்கிறவன். அவர் தொட்டுப் பார்க்காமல் ஒரு வார்த்தை பேசமாட்டார். நாங்கள் இரண்டு பேரும் எப்படி ஒரே கூரைக்குக் கீழே நாலு வருடம் தாக்குப்பிடித்தோம் என்று தவமணி அக்காவே கேட்டதுண்டு.

வந்த முதல் வாரமே கையில் ஒரு சூடு பார்க்கும் மெஷினோடு நின்றார். கொள்ளைநோய்க் காலத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அதன் அண்ணன் மாதிரி ஒன்று. "என்னண்ணே, காடிக்குக் காய்ச்சலா?" என்று அங்கே நின்ற ஒரு காரைக் காட்டிக் கிண்டல் செய்தேன். "காய்ச்சல் வந்தா நீயே கண்டுபிடிச்சிருவ கதிரு. காய்ச்சல் வர வேண்டிய நேரத்துல வராம இருக்கும் பாரு, அதுக்குத்தான் இது" என்றார். அண்ணனின் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், ஏதோ அந்த ஊர்க் குசும்பு என்று நினைத்துக்கொண்டு நான் என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சின் கோளாறு என்று வருகிற காரை அன்றைக்கே திறக்கமாட்டார். ராத்திரி முழுக்க நிறுத்திவைத்து, காலையில் எஞ்சின் சில்லென்று இருக்கும்போதுதான் சாவியைத் திருப்புவார். "தூங்கி எந்திரிச்ச காடிதான் உண்மையச் சொல்லும்" என்பார். சீனத்து ஆண்ட்டி ஒருவர் கடுப்பாகி, "இனி ஹோட்டல் கா?" என்று கேட்டுவிட்டார். கார் தங்கிப்போக இது என்ன ஹோட்டலா என்று. அண்ணன் சிரித்துக்கொண்டே தன் காரில் அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டுவந்தார்.

இப்போது என் பெருமையைச் சொல்லவேண்டும். சூடேறிப் புகைந்துகொண்டு ஒரு கார் வந்தால், நான் முதலில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூக்கி எறிந்துவிடுவேன். எஞ்சின் பதமாகச் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் பிடித்துவைக்கிற சின்ன வால்வு அது. "இதெல்லாம் பனி கொட்டுற ஊருக்கு. நம்ம வெயிலுக்கு எதுக்குலா?" என்பது என் வசனம். இந்த ஊரில் எத்தனையோ மெக்கானிக்குகளின் வசனமும் அதுதான். கதிரேசன் கை வைத்த கார் சூடேறாது என்று தாசேக் கெலுகோரிலிருந்து கடல் பாலம் தாண்டி இந்தத் தீவுக்கு ஆள் வருவார்கள். அந்தப் பெயரை வைத்துத்தான் என் பிழைப்பு ஓடியது.

செல்வியை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். இங்கே தீவுக்குள்ளேயே இருக்கிற கெலுகோரில் வீடு. போன் செயலியில் ஆள் ஏற்றிக் கார் ஓட்டி இரண்டு பெண்களைப் படிக்க வைக்கிறவர். அண்ணன் பட்டறைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாதபோது, ஒரு நாள் சாயங்காலம் முகம் வாடிப்போய் வந்தார். கார் பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கிறதாம். வேறு இரண்டு பட்டறைகளில் பிளக் மாற்றி, சென்சார் மாற்றி, ஒன்றும் கேட்கவில்லை. "அண்ணே, எண்ணெய் ஊத்தியே நான் ஓஞ்சு போயிட்டேன். இதுவும் சரிவரலன்னா காடிய வித்துட்டு பிறையில எங்கயாச்சும் பேக்டரிக்குப் போயிடறேன்" என்றார். எனக்கு அன்று பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாண விருந்து. குணா அண்ணன் வழக்கம்போல், "விட்டுட்டுப் போம்மா, காலையில பாப்போம்" என்று சொல்லி அவரை வீட்டில் விடக் கிளம்பினார்.

மறுநாள் காலை நான் உள்ளே நுழையும்போதே, "கதிரு, கையக் குடு" என்றார். என் உள்ளங்கையை ரேடியேட்டரின் மேல் குழாயில் வைத்துவிட்டு எஞ்சினைக் கிளப்பினார். "எஞ்சின் நல்லா சூடாகுற வரைக்கும் இந்தக் குழாய் பச்சத் தண்ணியாத்தான் இருக்கணும். அப்புறம் ஒரே மூச்சுல சுடணும்" என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. குழாய் குழந்தைக்குக் குளிக்க வைத்த தண்ணீர் மாதிரி என் கைக்குள் வெதுவெதுத்தது. உள்ளே தெர்மோஸ்டாட் இல்லை என்று என் கைக்குத் தெரிந்துவிட்டது.

ஆனாலும் நான் விடுவேனா? "கை சொல்றத நம்ப முடியாது, ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்றேன். சரி என்று பாலத்தில் ஏற்றினார். ஜெலுத்தோங் நெரிசலில் கொஞ்சம் ஏறியிருந்த சூடு காட்டும் முள், கடல்காற்று அடித்ததும் படுத்துவிட்டது. பிறைப் பக்கம் இறங்கி ஓரமாக நிறுத்தி, தன் மெஷினை எஞ்சினுக்கு நேரே பிடித்துக் காட்டினார். முள் சொன்னதும் மெஷின் சொன்னதும் ஒன்றுதான், சூடு போதாது. "எஞ்சின் இன்னும் சூடாகலன்னு கம்ப்யூட்டர் நெனைக்குது. அதான் பெட்ரோல அள்ளி அள்ளி ஊத்துது. பனி ஊரா இருந்தா காடிக்குள்ள ஹீட்டர் போடுவான், சூடு வரலன்னா அன்னைக்கே தெரிஞ்சிரும். இங்க ஏர்கோன் குளுகுளுன்னு வந்தா எல்லாம் நல்லா இருக்குன்னு நெனச்சு ஓட்டுறோம்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இருபது வருஷமா கழட்டுறேண்ணே! ஒரு காடி வழியில நின்னுச்சா?" என்று கத்தினேன்.

"நிக்கல கதிரு. நின்னிருந்தா உனக்கு என்னைக்கோ தெரிஞ்சிருக்கும்" என்றார்.

பட்டறைக்குத் திரும்பும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. என் ஆயுளில் அது ஒரு சாதனை என்று என் வீட்டுக்காரி சொல்வாள்.

தெர்மோஸ்டாட் உட்காரும் கூட்டைத் திறந்தார். காலி. மூடியின் ஓரத்தில் நீலப் பசை பிதுங்கி வழிந்து காய்ந்திருந்தது. அத்தனை தாராளமாகப் பசை பூசுகிறவன் இந்தத் தீவிலேயே நான் ஒருவன்தான். அண்ணன் அதை நகத்தால் சுரண்டினார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்கும் தெரிந்துவிட்டது.

செல்வி வந்து எட்டிப் பார்த்தார். "இங்க ஒரு சாமான் இருக்கணும்மா. இல்ல" என்றார் அண்ணன்.

"யாருண்ணே கழட்டுனது?"

அண்ணன் ஒரு துணியை எடுத்து விரல் விரலாகத் துடைக்க ஆரம்பித்தார். செல்வி போயிருந்த மற்ற இரண்டு பட்டறைகளில் எதன் தலையிலாவது போட்டுவிடலாம். யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்? 'வேற எவனோ' என்பது என் நாக்கு நுனியில் வந்து நின்றது. இருபது வருடப் பெயர், லேசில் விட மனசு வருமா? அண்ணன் என்னைப் பார்க்கக்கூட இல்லை. துடைத்த விரலையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான்தாம்மா" என்றேன். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சூடேறுதுன்னு வந்தீங்கல்ல, அப்பத்தான். என் தப்பு."

செல்வி அண்ணனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "ஐயோ அண்ணே, ரெண்டு வருஷமா என் காடிக்குச் சளி புடிக்க வச்சிட்டீங்களே!" என்று சிரித்துவிட்டார். அண்ணனும் சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு மானம் போன மாதிரியும் இருந்தது, முதுகிலிருந்து மூட்டையை இறக்கிய மாதிரியும் இருந்தது.

புது தெர்மோஸ்டாட்டை நானே போய் வாங்கி வந்தேன். "மாட்டிட்டா ஆச்சா? அன்னைக்கு எதுக்குச் சூடேறிச்சுன்னு யாரு பாக்குறது? திருடனப் புடிக்காம கதவக் கழட்டி வச்சிருக்க நீ" என்று அண்ணன் பிடித்துக்கொண்டார். கடைசியில் திருடன் ரேடியேட்டர் மூடி. அதன் ரப்பர் செத்துப்போய், அழுத்தம் நிற்காமல் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு மூடி. அதையும் மாற்றி, மத்தியான நெரிசலில் ஆயர் ஈத்தாம் வரை நானே ஓட்டினேன். முள் நடுவில் ஆணி அடித்த மாதிரி நின்றது. செல்வி காரை விற்கவில்லை. பெரிய பெண் இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள்.

அதற்குப் பிறகு பழைய வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கழற்றியதையெல்லாம் மாட்டிக் கொடுத்தோம். சிலர் திட்டிவிட்டு வேறு பட்டறைக்குப் போனார்கள். தாசேக் கெலுகோர் பெரியவர் ஒருவர், "கழட்டுனவன்கிட்டயே மாட்டவும் வரணுமா? நல்ல கதைலா இது" என்று திட்டிக்கொண்டே ஒரு கூடை ரம்புத்தானோடு வந்தார். அண்ணனும் நானும் அதைத் தின்றுகொண்டே அவர் காரை முடித்தோம். அந்த நாட்களில் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பத்து லஞ்சாங்கில் தகனம் முடிந்து வெளியே வரும்போது, கூட்டத்திலிருந்து செல்வி என்னிடம் வந்தார்.

"அண்ணே, ஒன்னு சொல்லணும். அவரு இருக்குற வரைக்கும் உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாரு. அன்னைக்குச் சாயங்காலம் என்னை வீட்டுல விட வந்தப்பவே கேட்டாரு, முன்னாடி காடி சூடேறியிருக்கா, யாருகிட்ட காட்டுனீங்கன்னு. உங்ககிட்டதான்னு சொன்னேன். நீங்க ஏதோ ஒரு சாமானக் கழட்டி எறிஞ்சத நான் அப்பப் பாத்ததையும் சொன்னேன். அதுதான் கோளாறா இருக்கும்னு அவரு சொன்னதும் எனக்கு வந்துச்சே கோவம்! அப்பவே உங்களுக்குப் போன் போட்டு நறுக்குன்னு நாலு கேள்வி கேக்கப் போனேன். அண்ணன்தான் வேணாம்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. 'நாளைக்கு ஒரு நாள் பொறும்மா, கதிரு அவனே சொல்லுவான்'னாரு. அதான் மறுநாள் ஒன்னும் தெரியாத மாதிரி யாரு கழட்டுனதுன்னு கேட்டேன்."

"சொல்லலன்னா?" என்று கேட்டேன். 

"நானும் அதத்தாண்ணே கேட்டேன். 'சொல்லுவான்'னாரு. அவ்வளவுதான்."

அங்கேயே, அத்தனை பேருக்கு நடுவில், நான் அழுதுவிட்டேன்.

அவருடைய மெஷினையும் கருவிகளையும் தவமணி அக்கா என்னையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் வாங்கவில்லை, அவர் மகனுக்கு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். செல்வி காரை விட்டுப்போன மறுநாள் காலை, பொய் என் நாக்கு நுனிவரை வந்தது. நான் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. அதற்கு முந்தின சாயங்காலமே குணா அண்ணனுக்குத் தெரிந்திருந்தது. இதுவரை யாரும் என்னை அப்படி நம்பியதில்லை, நான் உட்பட. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான்.