மூன்றாவது பெயர், டில்லிபாபு

டில்லிபாபு இறந்துவிட்டார். காலையில் அவர் மகள் போன் பண்ணினாள். ஹார்ட் அட்டாக்... ஐம்பத்தொரு வயது. என்னைவிட இரண்டே வயது பெரியவர்.

பூந்தமல்லி பக்கம் ஒரு ஆய்வகத்தில் பதினோரு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். புற்றுக்கட்டி எப்படி வளரும், எப்படிப் பரவும் என்று கணக்குப் போடுவது என் வேலை. அந்தக் கணக்குக்கு வேண்டிய கேன்சர் செல்களைத் தட்டில் வளர்த்துப் படம் எடுத்துத் தருவது அவர் வேலை. லேப் டெக்னீஷியன்.

ஒரு சோதனை உண்டு. தட்டு நிறைய வளர்ந்த செல்களுக்கு நடுவே ஒரு கோடு கீறுவோம். அந்த இடைவெளியைச் செல்கள் எவ்வளவு வேகமாக மூடுகின்றன என்று மணிக்கொரு படம்.

காபி குடித்தால் கை நடுங்குமாம், கீறி முடிக்கும்வரை டில்லிபாபு குடிக்க மாட்டார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் கோடு ஸ்கேல் வைத்தது போல இருக்கும்.

ஒரு முறை அந்தப் படங்களிலிருந்து செல்கள் நகரும் வேகத்தைக் கண்டுபிடித்தேன். என் சமன்பாட்டின் வளைகோடு, அளந்த புள்ளிகள்மேல் அப்படியே உட்கார்ந்தது. கட்டுரையை அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

"பாருங்க, எவ்ளோ வேகமா நகருது" என்று அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இன்னா மேடம்... அல்லாம் நடந்தா வருது? பாதி அங்கியே குட்டி போட்டுகினு கீது."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. படத்தில் உருண்டையாக இருந்த செல்களை ஒவ்வொன்றாகப் பேனாவால் தொட்டுக் காட்டினார்.

இரண்டாகப் பிரியப்போகும் செல் உருண்டுகொள்ளும். நான் படித்ததுதான்... நூறு தடவை பார்த்த படத்தில் எனக்குத் தோன்றவில்லை. இடைவெளி மூடியதில் பாதி பெருக்கம். மொத்தத்தையும் நகர்வு என்று எழுதி வைத்திருந்தேன்.

அப்படியே போயிருந்தால் என் பெயரில் ஒரு தப்பான வேகம் அச்சில் இருந்திருக்கும்.

செல் பிரிவதை நிறுத்தும் மருந்து போட்டு மறுபடி செய்தோம். வேகம் பாதிக்கும் கீழே இறங்கியது.

"சொன்னேன்ல மேடம்... சோம்பேறிப் பசங்க."

கட்டுரையில் அவர் பெயர் வேண்டும் என்றேன். டெக்னீஷியனுக்குக் கடைசியில் ஒரு நன்றி போதும் என்றார் துறைத் தலைவர். அப்படியென்றால் என் பெயரும் வேண்டாம் என்றேன்.

நான் குரல் உயர்த்துகிறவள் இல்லை. அன்றும் உயர்த்தவில்லை. நான்கு பேரில் மூன்றாவதாக அவர் பெயர் வந்தது.

இதை அவரிடம் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் என்னை ஒரு வாரம் ஓட்டியிருப்பார்.

மதியம் பருத்திப்பட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர். பெயருக்குக் கீழே, மற்றவர்களுக்குக் கட்சிப் பதவி போடும் இடத்தில், அந்தக் கட்டுரையின் தலைப்பை முழுசாக இங்கிலீஷில் அடித்திருந்தார்கள்.

கீழே எங்கள் நான்கு பேர் பெயரும். அவருடையது மட்டும் பெரிதாக, சிவப்பில். வெயிலில் நின்று முழுவதும் படித்தேன்.

போய் வாங்க, டில்லிபாபு. உங்க பேருக்குப் பக்கத்துல என் பேரும் இருக்கு.