நல்லகாமனுக்கு விழுந்த மாலை

நல்லகாமனைப் பற்றி எங்கள் கூட்டத்தில் யாரை எழுதச் சொன்னாலும் திட்டித்தான் எழுதுவார்கள். நானும் திட்டியிருக்கிறேன், மற்ற எல்லாரையும்விடச் சத்தமாக. அதனால் இதை நான் எழுதுவதுதான் முறை.

அவன் கீழக்குயில்குடிக்காரன். கேரியரின் இரண்டு பக்கமும் பால் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, தினமும் காலையில் மதுரைக்கு மிதித்து வருவான். ஒல்லியான உடம்பு, கெண்டைக்கால் மட்டும் கருங்கல். மழையோ வெயிலோ, ஒரு நாள்கூட அவன் பால் தாமதமாகி யாரும் கேள்விப்பட்டதில்லை. பேச்சு மட்டும் கிடையாது. பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை வரும், அதுவும் முழுதாக வராது.

நான் டவுன் பஸ் கண்டக்டர். டூட்டி முடிந்தால் பழங்காநத்தத்தில் முகம்மது கனியின் வாடகை சைக்கிள் கடைதான் எனக்குப் போக்கிடம். கடைக்கு முன்னால் ஒரு பெஞ்சு. அதில் நான், விருமாண்டி, இன்னும் வேலைவெட்டி இல்லாத நாலைந்து பேர். வருஷம் முழுக்க எங்களுக்குப் பேச ஒரே விஷயம்தான்: ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி நடக்கும் சைக்கிள் பந்தயம். எங்களில் ஒருவனும் அதில் ஓட்டியதில்லை. விருமாண்டி சைக்கிளில் ஏறினால் டயர்தான் அழும். ஆனால் எந்த இடத்தில் எவன் எவனை முந்தியிருக்க வேண்டும் என்று எங்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பந்தயத்தை நடத்தியது ஒரு மில். பழங்காநத்தத்தில் கிளம்பி, திருமங்கலம் வழியாக டி. கல்லுப்பட்டி போய், அங்கே மணிக்கட்டில் மை முத்திரை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். போகவர ஐம்பது மைல். மில்லுக்கென்றே நாலு ஓட்டக்காரர்கள் இருந்தார்கள். பேருக்குத்தான் மில் வேலை. சைக்கிள் ஓட்டுவதற்குத்தான் சம்பளம். அவர்களில் ஜெயக்கொடி என்பவன் கெட்டிக்காரன். வெளியாள் எவனாவது இவர்களை ஜெயித்துவிட்டால் அவனுக்கு மில்லில் நிரந்தர வேலை என்று அறிவித்திருந்தார்கள். அப்படி யாரும் ஜெயித்ததில்லை.

ஆடி முடிகிற நேரம் என்பதால், போகும்போது மேல்காற்று முகத்தில் அறையும். அந்தக் காற்றில் முன்னால் போகிறவன் செத்தான். அவன் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகிறவனுக்குப் பாதி மிதிதான். இந்தச் சின்ன விஷயம் நல்லகாமனுக்கு நாலு வருஷமாக ஏறவில்லை. கொடி அசைந்ததும் முன்னால் போவான். டி. கல்லுப்பட்டி வரைக்கும் காற்றை நெஞ்சில் வாங்குவான். மில்காரர்கள் அவன் முதுகில் ஒளிந்து சொகுசாக வருவார்கள். திரும்பும்போது கடைசி இரண்டு மைலில் ஜெயக்கொடி தாண்டிப் போய்விடுவான். நாலு தடவையும் அவன் இரண்டாவது. நாங்கள் அவனுக்குத் தட்டி என்று பேர் வைத்தோம். டீக்கடையில் வெயிலுக்கும் காற்றுக்கும் மறைப்பாகக் கட்டுவார்களே, அந்த ஓலைத் தட்டி. பால் கேனோடு கடையைத் தாண்டும்போது, "தட்டி வருது, காத்து நிக்குதா பாரு" என்போம். அவன் சிரித்துக்கொண்டே மணியடித்துவிட்டுப் போவான்.

எழுபத்தெட்டில் அவனாகவே பெஞ்சுக்கு வந்தான். வந்து நின்றான், உட்காரவில்லை. அன்னக்கொடி என்ற பெண்ணை அவனுக்குப் பேசியிருந்தார்கள். அவளுடைய அப்பன் மொக்கையன், "மில்லு வேலைன்னா பொண்ணு தாரேன். பால் கேனுக்கெல்லாம் பொண்ணு கிடையாது" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டான். மில்லில் முப்பது வயதுக்கு மேல் ஆள் எடுக்க மாட்டார்கள். நல்லகாமனுக்கு அந்த ஆவணியில் முப்பது முடிகிறது. வேலையும் பெண்ணும் இந்த ஒரு பந்தயத்தில்தான்.

"நான் எதுல தப்புறேன், சொல்லுங்கண்ணே" என்று என்னைக் கேட்டான்.

இதற்காகத்தான் நாலு வருஷமாகக் காத்திருந்தேன். "முன்னால போகாத. ஜெயக்கொடி பின்சக்கரத்துக்கு ஒரு முழம் பின்னால நில்லு. அவன் திட்டுவான், ஒதுங்குவான், நின்னுகூடப் பாப்பான். நீயும் நில்லு. திருப்பரங்குன்றம் வந்ததும் விடு ஒரு மிதி. பழங்காநத்தம் வரைக்கும் திரும்பிப் பாக்காத" என்றேன்.

அவன் யோசித்தான். "அம்புட்டுத் தூரமும் அவன் முதுகுலயே போறது ஏமாத்து இல்லையாண்ணே?"

பெஞ்சே குலுங்கியது. விருமாண்டிக்குப் புரையேறிவிட்டது. கனி மட்டும், "மாப்ள, நாலு வருஷமா உன் முதுகுல வந்தவன் இதைக் கேட்டானா?" என்றார். நல்லகாமன் தலையாட்டிவிட்டுப் போனான்.

பந்தயத்தன்று சேதி சொல்ல எனக்கு ஆள் இருந்தது. திருமங்கலம் பக்கமிருந்து வரும் பஸ் டிரைவர்கள் எல்லாரும் பழக்கம். ஒருவர், "ஜெயக்கொடி முன்னால போறான். உங்க பால்காரன் அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டுப் போறான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்தவர், "ஜெயக்கொடி கெட்ட கெட்ட வார்த்தை பேசுறாம்ப்பா" என்றார். எனக்கு நிலைகொள்ளவில்லை. மூன்றாவது பஸ் நிற்காமலேயே, "திருப்பரங்குன்றத்துல விட்டுட்டான். தனியா வாரான்" என்று கத்திக்கொண்டு போனது.

என் கையில் ஒரு மாலை இருந்தது. ஜிகினாவும் குஞ்சமும் வைத்த கனமான ரோஜா மாலை. காலையிலேயே வாங்கி வைத்திருந்தேன். பந்தயம் முடிகிற கோட்டில் போய் நின்றால் மில் மேனேஜர்தான் முதல் மாலை போடுவார். அதற்குப் பின்னால் நான் போட்டால் யார் கண்ணுக்குத் தெரியும்? யோசனை என்னுடையது, ஜெயித்தது நான், முதல் மாலை என்னுடையதாக இருக்க வேண்டும். ஆகவே சுண்ணாம்புக் கோட்டுக்கு நூறு கஜம் முன்னாலேயே போய் நின்றுகொண்டேன்.

வந்தான். சட்டையெல்லாம் உப்புப் பூத்து, வாய் திறந்து, ஆனால் சக்கரம் கோட்டம் இல்லாமல் நேராக வந்தது. பின்னால் ஜெயக்கொடி ஒரு பர்லாங்குக்கு அப்பால். கூடவே நாலு அடி ஓடி மாலையை வீசினேன். தோரணத்தில் மாட்டியது போலக் கச்சிதமாகக் கழுத்தில் விழுந்தது. ஜனம் ஆரவாரம் செய்தது. அவன் திரும்பி என்னைப் பார்த்தான். இரண்டு கையும் ஹாண்டில்பாரை விட்டு மேலே வந்தன.

முன்சக்கரம் ஒடித்துக்கொண்டது. தலைகுப்புறப் போய் ரோட்டோரக் கல்லில் முழங்கால் இடித்த சத்தம் எனக்குக் கேட்டது. எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. சைக்கிளை இழுத்துக்கொண்டு ஊர்ந்தான். கனி ஓடினார். "எவனும் தொடாதீங்க. தொட்டா செல்லாது" என்று நான்தான் கத்தினேன். கனி நின்றுவிட்டார். ஜெயக்கொடி போனான். அவனுக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் பத்துப் பேர் போனார்கள். கழுத்தில் மாலையோடு ஊர்ந்து ஊர்ந்து நல்லகாமன் பன்னிரண்டாவதாகக் கோட்டைத் தொட்டான்.

சாயங்காலம் பெஞ்சில் பஞ்சாயத்து. "மாலை போட்டது கொஞ்சம் முந்தியோ" என்று விருமாண்டி மெல்ல ஆரம்பித்தான். நான் விடவில்லை. "மாலை கழுத்துலதான விழுந்துச்சு? சக்கரத்துலயா விழுந்துச்சு? ஜெயிச்சுட்டேன்னு ஊருக்குக் காட்ட ரெண்டு கையையும் தூக்குனான். திமிரு" என்றேன். அதுதான் தீர்ப்பு. கையைத் தூக்கியதை எல்லாரும் கண்ணால் பார்த்திருந்தார்கள். தட்டி என்ற பேர் அன்றோடு போய், ரெண்டுகை என்ற பேர் வந்தது.

முழங்கால் அப்புறம் மடங்கவே இல்லை. பாலை வேறொருவன் எடுத்துக்கொண்டான். அடுத்த மாதமே அன்னக்கொடியைச் சமயநல்லூரில் ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கனி மனசு கேட்காமல் நல்லகாமனைக் கடையில் பஞ்சர் ஒட்ட வைத்துக்கொண்டார். எங்கள் பெஞ்சுக்குக் கீழே, ஒரு காலை நீட்டியபடி, தண்ணீர்ச் சட்டியோடு உட்கார்ந்திருப்பான். ஒவ்வொரு ஆகஸ்டிலும் நாங்கள் அந்தப் பந்தயத்தை மறுபடி ஓட்டுவோம். எங்கே மிதித்தான், எங்கே விட்டான், கையை மட்டும் விடாமல் இருந்தால் இன்றைக்கு மில்லில் இருப்பான் என்று அவன் தலைக்கு மேலேயே பேசுவோம். புதிதாக வருகிறவனுக்கு, "இவன்தாம்ப்பா அந்த ரெண்டுகை" என்று கீழே காட்டுவோம். அவன் ட்யூபை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருப்பான்.

எண்பத்தாறில் மில் பந்தயத்தை நிறுத்திவிட்டது. அந்த ஆகஸ்ட் பதினைந்தில் பேச ஒன்றுமில்லை. சும்மா இருக்க முடியாமல் நான்தான் அவனைச் சீண்டினேன். "ஏன்டா, இன்னைக்காவது சொல்லு. நூறு கஜம் பொறுக்க முடியாம அப்படி என்னடா திமிரு, கையைத் தூக்குற?"

"தூக்கலண்ணே" என்றான் நல்லகாமன். "கும்பிடப் போனேன்."

யாருக்கும் புரியவில்லை. அவன் ட்யூபிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "மாலை போட்டீங்கள்ல. போட்டவங்களைக் கும்பிடாம எப்படிண்ணே போறது? அதுக்கு முன்னால எனக்கு யாரும் மாலை போட்டதில்ல."

அதற்குப் பின்னாலும் யாரும் போட்டதில்லை. அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. எட்டு வருஷமாக நான் திமிர் என்று சொன்னது எனக்கு வந்த கும்பிடு. கனி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். விருமாண்டியும் பார்த்தான். என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வர வேண்டும் என்று எல்லாரும் காத்திருந்தது எனக்குத் தெரிந்தது. வந்தது இதுதான்.

"என்ன இருந்தாலும் பந்தயத்துல கையை விடலாமாடா? தப்புதான?"

"ஆமா, தப்புதான்" என்றான் விருமாண்டி.

நல்லகாமன் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிற இடத்தில் விரலை வைத்தான்.

"தப்புதாண்ணே" என்றான்.