நான்கு தூண்களும் எட்டுப் பேரும்

ஜப்பான்காரன் ஆட்சி வந்த இரண்டாம் வருடம். குருண் ஊருக்குத் தெற்கே, மெர்போக் ஆற்றின் கிளையாறு ஒன்றை ஒட்டிய ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எனக்கு இருபத்து மூன்று வயது. ஆலைக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு என் பொறுப்பு. குழாய் வாயில் பாசி அடைத்தால் மூழ்கி எடுப்பேன். தண்ணீருக்குள் எனக்குத் தெரிந்த வேலை அவ்வளவுதான்.

ஒரு நாள் காலை, சயாம் ரயில் பாதை வேலைக்கு எட்டுப் பேரைப் பட்டியல் போட்டார்கள். அதில் என் மச்சான், அக்காள் கணவரும் ஒருவர். முன்பு போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பியிருக்கவில்லை. அக்காள் கைக்குழந்தையோடு ஆபீஸ் வாசலில் நின்று அழுதாள்.

அதே நேரம் ஜப்பானிய அதிகாரிக்கு இன்னொரு தலைவலி. தஞ்சோங் டாவாயிலிருந்து மீன் ஏற்றி வரும் லாரிகள் எங்கள் பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். உப்புத்தண்ணீர் ஏறி இறங்கும் ஆறு. பாலத்தின் நான்கு இரும்புத் தூண்களையும் அடியில் துரு தின்றுவிட்டது. தண்ணீருக்கடியில் இரும்பு வேலை தெரிந்தவன் உண்டா என்று மலாயில் கேட்டார்.

யோசிக்காமல் கையைத் தூக்கிவிட்டேன். "நான் செய்றேன் துவான். இந்த எட்டுப் பேரும் கூட வேணும்."

பக்கத்தில் நின்ற, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியாருக்கு முகம் வெளுத்தது. "டேய், விளையாட்டு இல்லலா. தப்பாப் போனா தலை போயிரும்!"

அதிகாரி ஆறு நாள் கொடுத்தார். முடித்தால் எட்டுப் பேரும் தோட்டத்திலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் என்னையும் சேர்த்து ஒன்பது பேரும் சயாமுக்கு.

காலி எண்ணெய்ப் பீப்பாய்களை நெடுக்காகப் பிளந்தோம். இரு பாதிகளையும் தூணைச் சுற்றிப் பொருத்தி, இரும்புப் பட்டை போட்டு முடுக்க வேண்டும். அடியில் களிமண் மூட்டை வைத்து அடைத்துவிட்டு, மேலிருந்து குழாய் வழியாகச் சிமெண்டுக் கலவையை இறக்க வேண்டும். கடல்நீர் இறங்கி ஆற்றுமட்டம் தாழ்ந்து நிற்கும் கொஞ்ச நேரத்தில்தான் வேலை. இடுப்பில் கயிறு கட்டி, மூச்சடக்கி இறங்குவேன். கலங்கல் தண்ணீரில் எல்லாம் கைத்தடவல்தான். மச்சான் சம்பான் படகில் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்திருப்பார். அவருக்கு நீச்சல் தெரியாது.

மூன்று தூண்கள் முடிந்தன. ஆறாம் நாள், கடைசித் தூண். பட்டையை முடுக்கும்போது பீப்பாய் நகர்ந்து, என் இடது கை விரல்கள் அதன் இரு பாதிகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்டன. ஸ்பானர் சேற்றில் விழுந்தது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது.

அப்போது யாரோ தூணைக் கட்டிப்பிடித்தபடி இறங்குவதை உணர்ந்தேன். ஒரு கை என் கையைத் தடவி, நட்டைத் தேடிப் பிடித்து, இன்னொரு ஸ்பானரால் தளர்த்தியது. விரல் விடுபட்டது. மேலே வந்து பார்த்தால், மச்சான்! இருவரையும் மற்றவர்கள் சம்பானில் இழுத்துப் போட்டார்கள்.

"நீச்சல் தெரியாம ஏன் மச்சான் எறங்குனீங்க?"

இருமிக்கொண்டே சொன்னார்: "கயித்த இழுத்தேன், நீ வரல. பின்ன என்னா செய்ய?"

விரலில் துணி சுற்றிக்கொண்டு மறுபடி இறங்கினேன். பொழுது சாய்வதற்குள் கலவையும் இறங்கிவிட்டது.

கலவை இறுகியதும் லாரி வந்தது. அது பாலத்தில் ஏறும்போது எங்கள் ஒன்பது பேரையும் பாலத்துக்கு அடியில் சம்பானில் நிற்க வைத்தார் அதிகாரி. தலைக்கு மேல் பலகைகள் தடதடத்தன. தூண்கள் இம்மியும் அசையவில்லை. லாரி அக்கரை சேர்ந்ததும் நாங்கள் போட்ட கூச்சல் தோட்டம் முழுக்கக் கேட்டதாம். பட்டியலில் இருந்த எட்டுப் பெயர்களையும் அதிகாரி தன் கையாலேயே கோடு போட்டு அடித்தார். அக்காள் குழந்தையை மச்சான் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள்.

மச்சானைக் காப்பாற்றியவன் என்று தோட்டத்தில் என்னைத்தான் கொண்டாடினார்கள். நான் தண்ணீர் பழகியவன், இறங்கியதில் பெரிய விஷயமில்லை. தைரியம் என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் எனக்கு ஞாபகம் வருவது, பயந்துகொண்டே என்னைத் தேடி இறங்கிய அந்தக் கைதான்.