வானம் பச்சையான நேரத்தில் என் கால் இருந்த இடம்

போன வருஷம் ஜனவரி மாதம், நார்வே நாட்டின் வடக்குக் கோடியில், உறைந்து கிடந்த ஓர் ஏரிக்கரையில் நடந்தது இது. ஷார்ஜாவில் இருக்கிற எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். எல்லாம் என் மனைவியால் வந்தது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சொல்லிக்கொள்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் கிடையாது. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். எட்டாம் வகுப்பில் பெயில். கல்ஃபுக்கு வந்த புதிதில் துபாய் சோனாப்பூர் லேபர் கேம்பில் ஒரே ரூமில் ஒரு கூட்டத்தோடு படுத்து எழுந்தவன். மீனும் கோழியும் அடுக்கி வைக்கிற கோல்ட் ஸ்டோரில் பெட்டி தூக்குகிற வேலை. இன்றைக்கு எனக்கே சொந்தமாக மூன்று கோல்ட் ஸ்டோர் ஓடுகிறது. பெரிய படிப்புப் படித்தவர்கள் என்னிடம் லீவு கேட்டு நிற்கிறார்கள். கையெழுத்து மட்டும் இங்கிலீஷில் போடுவேன். பாக்கியை வாயாலேயே நடத்திவிடுவேன்.

எனக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. மனைவிக்கு நல்ல கனமாக ஒரு நகை வாங்கித் தரலாம் என்று இருந்தேன். அவளோ போனைக் கொண்டுவந்து நீட்டினாள். பக்கத்து ஃபிளாட் பெண் அனுப்பிய வீடியோ. துருவத்துப் பக்கம் குளிர்காலத்தில் வானத்தில் பச்சை வெளிச்சம் ஆடுமாம்.

"ஏங்க, நகையெல்லாம் வேண்டாம். இதை நேர்ல பார்க்கணும்."

"அதான் வீடியோவுல நல்லாத் தெரியுதே!"

"உங்க மூஞ்சியக்கூடத்தான் பத்து வருஷம் போட்டோவுல பார்த்துக்கிட்டு ஊர்ல கெடந்தேன். போதுமா இருந்துச்சா?"

அன்றைக்கே டிக்கெட் போட்டுவிட்டேன்.

கிளம்பும்போது என் மகள், "அப்பா, அங்க குளிருக்கு டிரெஸ், பூட்ஸ் எல்லாம் வாடகைக்குத் தருவாங்க. மறக்காம வாங்கிப் போட்டுக்குங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மைனஸ் பதினெட்டு கோல்ட் ரூமுல குடும்பம் நடத்தினவன்மா உங்கப்பன். எனக்கே குளிரைப் பத்திப் பாடம் எடுக்கிறியா?"

மனைவி அங்கே போனதும் சொன்னபடி எல்லாவற்றையும் வாடகைக்கு வாங்கி மாட்டிக்கொண்டு, மாவு மூட்டை மாதிரி நின்றாள். நான் எங்கள் கோல்ட் ரூமில் போடுகிற ஜாக்கெட்டையும், முனையில் இரும்பு வைத்த சேஃப்டி ஷூவையும் போட்டுக்கொண்டேன். காலில் பெட்டி விழுந்தாலும் ஒன்றும் ஆகாத ஷூ. வருஷக்கணக்கில் என்னைக் காப்பாற்றிய ஷூ.

அந்த ஊரில் அப்போது சாயங்காலத்துக்கு முன்பே இருட்டிவிடும். முதல் இரண்டு நாளும் டூர்காரர்கள் வேனில் கூட்டிப்போனார்கள். வானம் முழுக்க மேகம், ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது நாள்தான் கடைசி. மறுநாள் காலை ஃபிளைட். மனைவி ஜன்னல் பக்கமே நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு ஆசை உள்ளே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கு வந்த டிரைவர் ஆறடிக்கு மேல் உயரம், மஞ்சள் தாடி. கைடும் அவரேதான். வேனைச் சாலையில் நிறுத்திவிட்டு, பனியில் கொஞ்ச தூரம் எங்களை நடக்கவைத்து ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனார். நெருப்பு மூட்டினார். மேகம் விலகி நட்சத்திரம் தெரிந்தது. இன்றைக்கு வந்துவிடும் போலிருக்கிறது என்று மூன்று பேரும் அண்ணாந்து நின்றோம். நின்றோம், நின்றோம், நின்றுகொண்டே இருந்தோம்.

அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது. கோல்ட் ரூமில் நாங்கள் நிற்பதே கிடையாது. உள்ளே ஓடுவோம், பெட்டியை இறக்குவோம், வெளியே வந்து வெயிலில் நின்றுகொள்வோம். இந்த ஊரிலோ வெளியே என்று ஓர் இடமே இல்லை, எல்லாமே உள்ளேதான். போதாததற்கு ஷூவில் இருந்த இரும்பு குளிரை உறிஞ்சி விரலுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. முதலில் ஊசி குத்துவது மாதிரி வலித்தது. அப்புறம் வலி நின்றுவிட்டது. நம் உடம்பு கெட்டி, பழகிவிட்டது என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டேன்.

"என்ன, ஒரு மாதிரி நிக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"சும்மாதான். நீ மேல பாரு."

உண்மையைச் சொன்னால் உடனே என்னை வேனுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவாள். அவள் போன நிமிஷம் வானத்தில் வந்துவிட்டால்? அதனால் வாயை மூடிக்கொண்டேன். நெருப்புப் பக்கம் போய்க் காலைக் காட்டலாம் என்று அடி எடுத்து வைத்தேன். கால் மரக்கட்டை மாதிரி விழுந்தது. கூடவே நானும் விழுந்தேன். உட்கார்ந்தபடியே ஷூவையும் சாக்ஸையும் உருவிவிட்டுக் காலை நெருப்புக்கு நீட்டினேன்.

டிரைவர் ஓடிவந்து என் அக்குளில் கையைக் கொடுத்துப் பின்னால் இழுத்தார். ஏதோ கத்தினார்.

"மரத்துப்போன கால் நெருப்புல வெந்தாக்கூடத் தெரியாதாங்க!" என்று மனைவி அழுகையோடு சொன்னாள். விரல்களைப் பார்த்தேன். எங்கள் ஃப்ரீசரில் கிடக்கிற கணவாய் மாதிரி வெளுத்துக் கிடந்தன.

"வானமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வாங்க, வேனுக்குப் போயிடலாம்."

டிரைவர் முடியாது என்று தலையை ஆட்டினார். இந்தக் காலோடு பனியில் நடக்கக் கூடாதாம். ஒரு மான் தோலை விரித்து என்னை மல்லாக்கப் படுக்க வைத்தார். என் காலடியில் முட்டி போட்டார். ஜாக்கெட்டைத் திறந்து, உள்ளே இருந்த ஸ்வெட்டர், பனியன் எல்லாவற்றையும் மேலே தூக்கி, என் இரண்டு பாதத்தையும் எடுத்துத் தன் வெறும் வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டார்.

எனக்கு உயிரே போய்விட்டது. தெரியாமல் ஒருவர் மேல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாம். முன்பின் தெரியாத மனுஷனின் வயிற்றில் என் கால்! "மாஃபி பிராப்ளம், மாஃபி பிராப்ளம்" என்று, பரவாயில்லை விடுங்கள் என்பதை வாய்க்கு வந்த கல்ஃப் அரபியில் கத்திக்கொண்டு காலை இழுத்தேன். அவர் விடவில்லை. மனைவி என் தோளை அழுத்தினாள். "ஆடாமக் கெடங்க. பெரிய மொதலாளி!"

ஐஸ் மாதிரி கால் பட்டால் யாருக்குத்தான் தாங்கும்? அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, உங்கள் ஊரில் எத்தனை டிகிரி என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஷார்ஜா வெயிலைச் சொன்னேன். ஆகஸ்ட் மாதம் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும், குளிப்பதற்கு முதல் நாளே பக்கெட்டில் பிடித்து ஆற வைப்போம் என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் சொல்லு, இன்னும் சொல்லு" என்றார். கார் ஸ்டீயரிங்கைத் துணி சுற்றிப் பிடிப்போம் என்றேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார். வயிறு குலுங்கியது. அந்தக் குலுக்கல் என் பாதத்துக்குத் தெரிந்தது.

"தெரியுது! தெரியுதுடி!" என்று கத்தினேன். அடுத்த நொடி வலி வந்தது பாருங்கள், அப்படி ஒரு வலி. கண்ணில் தண்ணீர் கொட்டியது. அந்தத் தண்ணீர் வழியாகத்தான் முதலில் பார்த்தேன்.

கோல்ட் ரூம் கதவைத் திறந்ததும் புகை உருண்டு வருமே, அந்த மாதிரி வெள்ளையாக ஒன்று மலைக்கு மேலே கிளம்பியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையானது. யாரோ ஒரு நீளமான வேட்டியை உதறிக் காயப்போடுவது மாதிரி வானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அலைந்தது. ஓரத்தில் ரோஸ் நிறம் வந்து வந்து மறைந்தது. மனைவி மாவு மூட்டை டிரெஸ்ஸோடு என் பக்கத்தில் பனியிலேயே மல்லாக்கப் படுத்துவிட்டாள். "ஏங்க... ஏங்க..." என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் கையை மட்டும் விடவில்லை.

டிரைவர் ஒரு தடவைகூட மேலே பார்க்கவில்லை. என் விரல்களில் சிவப்பு ஏறுகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தார்.

கால் சரியானதும் நான் எழுந்து, அவர் வயிற்றைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இதுதான் இவர்கள் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் குனிந்து என் தொந்தியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மனைவி சிரித்த சிரிப்பு ஏரி முழுக்கக் கேட்டது.

இப்போது யார் என் வீட்டுக்கு வந்தாலும் அன்றைக்கு எடுத்த பச்சை வானத்துப் போட்டோவைக் காட்டிப் பெருமை பேசாமல் விடமாட்டேன். எங்கள் வட்டாரத்தில் யார் பார்த்திருக்கிறார்கள் சொல்லுங்கள்! வானம் எப்படி இருந்தது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள், நானும் வாய் வலிக்கச் சொல்கிறேன். ஆனால் கண்ணை மூடினால் எனக்கு முதலில் வருவது அந்தப் பச்சை வெளிச்சம் இல்லை, பெயர்கூடக் கேட்காமல் விட்டுவந்த ஒரு மனுஷனின் வயிற்றுச் சூடுதான்.